பாஸ்வேர்ட் தப்புன்னு பொய் சொல்ற பொட்டிகள்

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டிருந்த விஷயம். இன்னிக்கு ஆணி கொஞ்சம் கம்மிங்கறதால கொட்டிடறேன். பொட்டி தட்டாத மக்கள் 'ஐயோ டெக்னிக்கல் பதிவு'ன்னு எகிறிக் குதிச்சு ஓட வேண்டாம். உங்களுக்கும் இதுல பங்கு இருக்கு. 'பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு'ன்னு ஏதோ ஒரு திரை உங்ககிட்ட சொல்லியிருக்கும். நீங்களும் கேப்ஸ் லாக்கைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தா அழுத்தி, அப்புறம் உங்க ஞாபக சக்தி மேலயே சந்தேகப்பட்டு உட்கார்ந்திருப்பீங்க. அதுல எத்தனை தடவை தப்பு உங்களோடது இல்லைன்னு தெரிஞ்சா கோவம் வரும். வரணும்னுதான் எழுதறேன்.

முதல்ல ரெண்டு வரி பாடம். பெரிய கம்பெனிகள்ல ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியா பாஸ்வேர்ட் வெச்சுக்கறது இல்லை. யார் யார் வேலை பார்க்கறாங்க, எந்தெந்தக் குழுவுல இருக்காங்க, பாஸ்வேர்ட் சரியாங்கறதை எல்லாம் ஒரே பேரேட்டுல கேட்டுக்கும். அதுக்குப் பேரு டைரக்டரி. மைக்ரோசாஃப்ட்டோட ஆக்டிவ் டைரக்டரி, ஓப்பன்எல்டாப், இப்படிப் பல இருக்கு. அதுங்ககிட்ட பேசற மொழி எல்டாப். எக்ஸ்.500னு ஒரு குண்டு சமாச்சாரம் 1988-ல இருந்து இருந்துது; அதுக்கு ஒல்லியா ஒரு வழி வேணும்னு 1993-ல ஆர்எஃப்சி 1487-ஆ வந்ததுதான் இது. இப்ப நடைமுறையில இருக்கறது மூணாவது பதிப்பு. 2006-ல வந்த ஆர்எஃப்சி 4511-ல எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்காங்க.

இனி கதை. ஒரு கஸ்டமருக்கு வருகைப் பதிவு போர்ட்டல் செஞ்சு கொடுத்தோம். காலையில வந்து லாகின் பண்ணினா அதுதான் வருகை. ஒன்பதரைக்கு மேல ஆச்சுன்னா அரை நாள் சம்பளம் கட். நிரந்தர ஊழியர்களுக்கு அதுல நெளிவு சுளிவு உண்டு, கான்ட்ராக்ட் ஆளுங்களுக்குக் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலை. டைரக்டரி சர்வரோட சான்றிதழ் சனிக்கிழமை ராத்திரியோட காலாவதி. யாரும் கவனிக்கலை. எங்க போர்ட்டல் 636 போர்ட்ல மறையாக்கம் செஞ்சு பேசும், அதனால சான்றிதழைப் பார்த்ததும் 'இவனை நம்ப மாட்டேன்'னு கையைக் குலுக்காமலே திரும்பிடுச்சு. இதுவரைக்கும் எல்லாம் சரி, அப்படித்தான் செய்யணும். ஆனா திரையில என்ன வந்துது? 'பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு.' அந்தப் பாஸ்வேர்ட் சர்வர்கிட்ட போகவே இல்லைய்யா! போகாத பாஸ்வேர்டைத் தப்புன்னு தீர்ப்பு சொல்லியாச்சு.

விண்டோஸ் லாகின் வேற வழியில போறதால அது நல்லா வேலை செஞ்சுது. மெயிலும் வேலை செஞ்சுது. அதனால ஐ.டி. ஆளுங்க 'டைரக்டரி நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் பாஸ்வேர்டை மறந்துட்டீங்க'ன்னு சாதிச்சாங்க. ஜனங்க நம்பிட்டாங்க. சரியான பாஸ்வேர்டை வெச்சிருந்தவங்க எல்லாம் பழசு, புதுசு, புள்ளை பேரு, பொறந்த நாள்னு மெயில் பக்கத்துல போட்டுப் பார்க்க ஆரம்பிச்சாங்க. அஞ்சு தப்பு ஆனா பூட்டுங்கறது அங்க விதி. பத்தரைக்கு சான்றிதழை மாத்தினப்ப, அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லாம இருந்த கணக்குகள் பல நிஜமாவே பூட்டிக் கிடந்தது. இப்ப போர்ட்டல் அவங்களுக்கு என்ன சொல்லுச்சு தெரியுமா? அதே வரி. எட்டு மணிக்குப் பொய்யா சொன்னது, பத்தரைக்குப் பாதி உண்மையா சொல்லுது. வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

டேட்டா என்ட்ரியில கான்ட்ராக்ட்ல இருக்கற ஒரு அக்கா. நான் அன்னிக்கு அங்கதான் இருந்தேன். மெதுவா பக்கத்துல வந்து கேட்டாங்க, "தம்பி, என்னைய எடுத்துட்டாங்களா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியலை. அப்புறம்தான் விளங்குச்சு. கான்ட்ராக்ட் ஆளுங்களை அனுப்பும்போது முதல்ல லாகினை நிறுத்திடுவாங்க, அப்புறம்தான் ஆள்கிட்ட சொல்லுவாங்க. அவங்க போன வருஷம் பக்கத்து சீட்டுக்காரம்மாவுக்கு நடந்ததைப் பார்த்திருக்காங்க. நமக்கு அது ஒரு எர்ரர் மெசேஜ். அவங்களுக்கு வேலை போச்சுங்கற கடுதாசி.

"இல்லக்கா, சர்வர் ப்ராப்ளம்"னேன். "பின்ன ஏன் தம்பி பாஸ்வேர்ட் தப்புன்னு வருது?"ன்னாங்க.

பதில் எனக்குத் தெரியும். ஏன்னா அந்த நிரல் துண்டை எழுதினது அடியேன்தான். ஜாவாவில நாலே வரி. எல்டாப்புல இணைஞ்சு பார், ஏதாவது நேமிங்எக்ஸெப்ஷன் வந்தா பிடி, ரிட்டர்ன் ஃபால்ஸ். முடிஞ்சுது. இதைப் படிக்கற ஜாவாக்காரங்கள்ல எத்தனை பேர் இதே நாலு வரியை எழுதியிருக்கீங்கன்னு மனசாட்சியைக் கேட்டுக்கங்க. நிஜமாவே பாஸ்வேர்ட் தப்புன்னா ஜாவா ஆதென்டிகேஷன்எக்ஸெப்ஷன் கொடுக்கும். சர்வர்கிட்ட பேசவே முடியலைன்னா கம்யூனிகேஷன்எக்ஸெப்ஷன் கொடுக்கும். ரெண்டும் வேற வேற. ரெண்டுக்கும் அப்பன் நேமிங்எக்ஸெப்ஷன். அப்பனைப் பிடிச்சா புள்ளைங்க எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். போதாக்குறைக்கு ஜாவாவும் கொஞ்சம் குசும்பு பண்ணும்: சான்றிதழ் பிரச்சினைக்கும் அது லாக்ல எழுதற வரி 'சிம்பிள் பைண்ட் ஃபெயில்ட்'. பைண்டுன்னா லாகின்னு பாதி பேருக்குத் தெரியும், உடனே பாஸ்வேர்டைத் தேடிப் போயிடுவான். நிஜக் காரணம் உள்ளே இன்னொரு எக்ஸெப்ஷனுக்குள்ள சுருண்டு படுத்திருக்கும். ஓப்பன்எல்டாப் கருவிகளும் யோக்கியம் இல்லை. சான்றிதழ் பிடிக்கலைன்னாலும் 'சர்வரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை, -1'னுதான் சொல்லும்.

எனக்கு ஆத்திரம் எங்கன்னா, அந்த எல்டாப்பை வடிவமைச்சவங்க இதுக்கெல்லாம் ஒழுங்கா எண் போட்டுக் கொடுத்திருக்காங்க. 49-ன்னா அடையாளம் சரியில்லை. 51-ன்னா சர்வர் வேலையா இருக்கு. 52-ன்னா இப்ப கிடைக்காது. 53-ன்னா முடியும், ஆனா செய்ய மாட்டேன் (நம்ம அரசு அலுவலகம் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை :-)). 3-ன்னா நேரம் தாண்டிடுச்சு. 8-ன்னா இன்னும் பலமான பாதுகாப்போட வா. ஆக்டிவ் டைரக்டரி ஒரு படி மேல போய், 49-க்குள்ளயே இன்னொரு எண்ணை வெச்சு அனுப்பும்: 532-ன்னா பாஸ்வேர்ட் காலாவதி, 533-ன்னா கணக்கு முடக்கம், 773-ன்னா பாஸ்வேர்டை மாத்தியே ஆகணும், 775-ன்னா பூட்டியிருக்கு. இவ்வளவையும் கம்பி வழியா நம்ம வாசல் வரைக்கும் கொண்டுவந்து கொடுக்கறாங்க. நாம வாங்கி ஆமா-இல்லைன்னு ஒரு பிட்டா நசுக்கிக் குப்பையில போடறோம்.

ரேஷன் கடைக்குப் போங்க. மெஷின் வேலை செய்யலைன்னா கடைக்காரர் 'நெட் இல்ல, சாயங்காலம் வாங்க'ம்பார். எரிச்சலா இருக்கும், திட்டுவோம். ஆனா அவர் 'உங்க கார்டு போலி'ன்னு சொல்றதில்லை. சொன்னா கூட்டம் சும்மா விடுமா? அந்தக் கடைக்காரருக்கு இருக்கற நேர்மை பி.இ. படிச்ச நமக்கு இல்லை.

இதை ஆபீஸ்ல பேசினா உடனே ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு 'செக்யூரிட்டி தம்பி'ம்பார். எங்க டேமேஜரும் அதையேதான் சொன்னார். தாக்க வர்றவனுக்கு எந்தத் தகவலும் கொடுக்கக் கூடாது, அதனால எல்லாத்துக்கும் ஒரே மெசேஜாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. இதுல பாதி உண்மையும் கூட. அப்படி ஒரு பேர்ல ஆளே இல்லைங்கறதையும் ஆள் இருக்கான், பாஸ்வேர்ட்தான் தப்புங்கறதையும் பிரிச்சுச் சொல்லக் கூடாது. சொன்னா, யார் யார் அங்க வேலை பார்க்கறாங்கன்னு ஒருத்தன் உட்கார்ந்து பட்டியல் எடுத்துடுவான். ஒத்துக்கறேன், அங்க ஒரே மெசேஜ்தான் நியாயம்.

ஆனா 'சர்வரோட பேச முடியலை'ங்கறதுல திருடனுக்கு என்னய்யா தகவல்? எந்தப் பேரைப் போட்டாலும் அதே பதில்தான் வரும். அதுல இருந்து எந்தப் பேரைப் பத்தியும் ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது. 532-ம் 773-ம் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தவனுக்குத்தான் வரும், அவன்கிட்ட 'உங்க பாஸ்வேர்ட் காலாவதி ஆயிடுச்சு'ன்னு சொல்றதுல என்ன ரகசியம் உடையுது? சரி, திரையிலதான் சொல்ல மாட்டீங்க, லாக்ல எழுதினீங்களா? அதுவும் இல்லை! திருடன் கண்ணுல படக் கூடாதுன்னு வீட்டுக்காரன் கண்ணையும் கட்டிட்டா அதுக்குப் பேரு செக்யூரிட்டி இல்லை. சோம்பேறித்தனத்துக்கு செக்யூரிட்டின்னு சட்டை மாட்டி விட்டிருக்கோம், அவ்வளவுதான்.

அடுத்த கட்சி, 'இதெல்லாம் எப்பவாவது நடக்கறது'ங்கறவங்க. இவங்களுக்காகவே ஒரு கணக்கு வெச்சிருக்கேன். போர்ட்டலுக்கும் டைரக்டரிக்கும் நடுவுல ஒரு ஃபயர்வால் இருக்கும். கொஞ்ச நேரம் பேச்சில்லாத இணைப்பை அது சத்தமில்லாம மறந்துடும். ரெண்டு பக்கமும் சொல்லாது. நம்ம க்ளையண்ட் இணைப்பு உயிரோட இருக்குன்னு நெனச்சு கேள்வியை அனுப்பும். பதில் வராது. லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும், இயல்பா 15 தடவை. கைவிடறதுக்குக் குறைஞ்சது 924.6 வினாடி, அதாவது கால் மணி நேரத்துக்கு மேல. கீப்அலைவ் காப்பாத்துமேன்னு கேட்டா, அது முதல்ல எட்டிப் பார்க்கறதுக்கே இயல்பா 7200 வினாடி, ரெண்டு மணி நேரம். ஜாவாவோட எல்டாப் நூலகத்துல படிக்கறதுக்கான கால வரம்பை நீங்க வைக்கலைன்னா பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கும்னு ஆவணத்துலயே போட்டிருக்கு. சர்வர் கேள்வியை வாங்கிக்கிட்டு அப்படியே உறைஞ்சு போச்சுன்னா? காத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். டாம்கேட்ல இயல்பா 200 த்ரெட். காலையில 200 பேர் லாகின் பொத்தானை அழுத்தினா போதும், மொத்த போர்ட்டலும் கல்லாய்ச் சமைஞ்சுடும். இதுக்குத் தேவையான மருந்து ரெண்டே ரெண்டு அமைப்பு: இணையறதுக்கு ஒரு வரம்பு, படிக்கறதுக்கு ஒரு வரம்பு. அதைப் போடாம 'நெட்வொர்க் டீமைக் கேளுங்க'ன்னு மெயில் அனுப்பறவங்களை என்ன சொல்ல.

லாகின் மட்டும்னா கூட பரவாயில்லை. தேடல்ல இதே அலட்சியம் பண்ணினா சேதாரம் பெருசு. எல்டாப்புல ஒரு தேடல் கேட்டா, பேர் ஒவ்வொண்ணா வரும். கடைசியில முடிஞ்சுதுன்னு ஒரு செய்தி, அதுல ஒரு எண். 0-ன்னா எல்லாம் கொடுத்தாச்சு. 4-ன்னா எண்ணிக்கை வரம்பு தாண்டிடுச்சு, மிச்சம் இருக்கு. ஆக்டிவ் டைரக்டரி இயல்பா ஒரு தேடலுக்கு 1000 பேருக்கு மேல கொடுக்காது, பக்கம் பக்கமாக் கேட்கணும். நண்பன் ஒருத்தன் வேலை பார்த்த இடத்துல ராத்திரி ஓடற ஒரு ஒத்திசைவு வேலை: டைரக்டரியில இருக்கறவங்க பட்டியலை எடு, அதுல இல்லாதவங்களை நம்ம மென்பொருள்ல இருந்து நீக்கு. 990 பேர் இருந்த வரைக்கும் அருமையா ஓடுச்சு. கம்பெனி வளர்ந்துது, 1000-த்தைத் தாண்டுச்சு. கடைசி எண்ணை எவனும் பார்க்கலை. வந்த 1000 பேர்தான் உலகம், மிச்ச ஆளுங்க வேலையை விட்டுட்டாங்கன்னு அந்த நிரல் முடிவு பண்ணி, அவங்க கணக்கை எல்லாம் சுத்தமா நீக்கிடுச்சு. நடுவுல கம்பி அறுந்தாலும் இதே கூத்துதான். அப்ப அந்த முடிவுச் செய்தியே வராது, வந்த வரைக்கும் லாபம்னு எடுத்துக்கற நிரல்கள் எத்தனையோ. 'எனக்குத் தெரியலை'ங்கறதை 'இல்லை'ன்னு படிச்சா வர்ற வினை இது.

இதுக்கு நேர் எதிரான கூத்தும் உண்டு, சுருக்கமா சொல்லிடறேன். பேரைப் போட்டு பாஸ்வேர்டைக் காலியா விட்டா, எல்டாப்புல அதுக்கு 'நான் யாருன்னு நிரூபிக்க விரும்பலை'ன்னு அர்த்தம். சில சர்வர்கள் அதுக்கு 0, அதாவது வெற்றின்னு பதில் சொல்லும். பாஸ்வேர்ட் சரின்னு அது சொல்லவே இல்லை. ஆமா-இல்லை மட்டும் பார்க்கற க்ளையண்ட், கதவைத் திறந்து உள்ளே விட்டுடும். சர்வர் இதுக்கு இயல்பா 53 கொடுத்து மறுக்கணும், க்ளையண்டும் காலி பாஸ்வேர்டை அனுப்பக் கூடாதுன்னு 2006-லயே ஆர்எஃப்சி 4513-ல எச்சரிச்சிருக்காங்க. செக்யூரிட்டி பேசற பெரியவரே, உங்க போர்ட்டல்ல காலியா விட்டு ஒரு தடவை அழுத்திப் பாருங்க.

அப்புறம் 'ரீட்ரை பண்ணு, சரியாயிடும்' கோஷ்டி. 51, 52-க்கு ரீட்ரை பண்ணலாம், கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒண்ணு ரெண்டு தடவை, வேற சர்வர் இருந்தா அங்க. 49-க்கு ரீட்ரை பண்ணினா? மூணு டைரக்டரி சர்வர் இருக்குன்னு வெச்சுக்கங்க. பயனர் ஒரு தடவை தப்பா அடிக்கறார். க்ளையண்ட் புத்திசாலித்தனமா மூணு சர்வர்கிட்டயும் போய்க் கேட்குது. ஒரு தப்பு மூணு தப்பாச்சு. ரெண்டாவது தடவை அடிக்கும்போது கணக்கு பூட்டிக்கும். இதையே சேவைக் கணக்குக்கு யோசிச்சுப் பாருங்க: அதோட பாஸ்வேர்டை மாத்திட்டு ஒரு அமைப்புக் கோப்புல மாத்த மறந்துட்டா, அந்த நிரல் நொடிக்கு நொடி பழைய பாஸ்வேர்டோட முட்டி, கணக்கைப் பூட்ட வெச்சு, அதே கணக்கை நம்பியிருக்கற மத்த மென்பொருள்களையும் சேர்த்துப் படுக்க வைக்கும். எண்ணைப் பார்த்திருந்தா முதல் தடவையே நின்னிருக்கலாம்.

எல்லாத்துலயும் கொடுமை, காரணத்தைக் கண்டுபிடிச்ச அப்புறம் செய்யற வைத்தியம். 2018 ஜூலையில வந்த ஜாவா 8 புதுப்பிப்பு, டைரக்டரி சர்வரோட பேரும் சான்றிதழ்ல இருக்கற பேரும் பொருந்துதான்னு சரிபார்க்க ஆரம்பிச்சுது. நல்ல விஷயம். அதுவரைக்கும் ஓடிக்கிட்டிருந்த இணைப்புகள் பல நின்னுது. சான்றிதழைச் சரி பண்ணினவங்க கொஞ்சம், சரிபார்ப்பையே அணைச்சுட்டு வீட்டுக்குப் போனவங்க நிறைய பேரை நான் பார்த்திருக்கேன். ஓப்பன்எல்டாப் பக்கம் 'டிஎல்எஸ்_ரெக்செர்ட் நெவர்'னு ஒரு வரி போட்டுட்டு ஊரே நிம்மதியாத் தூங்குது. இனி நடுவுல எவன் உட்கார்ந்து டைரக்டரி மாதிரி நடிச்சாலும் பாஸ்வேர்டைத் தட்டுல வெச்சுக் கொடுக்கலாம். அன்னிக்கு எங்ககிட்டயும் 'இப்போதைக்கு சரிபார்ப்பை எடுத்துடு'ன்னு தான் முதல் யோசனை வந்துது. நான் மறுத்தேன், அதுக்கு ஒரு அரை மணி நேரம் வாக்குவாதம்.

நான் என்ன மாத்தினேன்னு கேட்பீங்க. பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. லாகின் செயற்கூறு இப்ப ஆமா-இல்லை திருப்பறதில்லை. சர்வர் 'இவர் இல்லை'ன்னு சொல்லுச்சா, 'இவர்தான், ஆனா பாஸ்வேர்ட் காலாவதி'ன்னு சொல்லுச்சா, சர்வர்கிட்ட கேட்கவே முடியலையா, இல்லை நாமதான் கேள்வியைத் தப்பாக் கேட்டோமா, இதைப் பிரிச்சுச் சொல்லும். கேட்க முடியலைன்னா திரையில 'இப்போது சரிபார்க்க முடியவில்லை. உங்கள் கடவுச்சொல்லில் பிழை இல்லை, மாற்ற வேண்டாம்'னு வரும். லாக்ல எண், சர்வர் சொன்ன முழு வாசகம், எந்த சர்வர், எத்தனை மில்லிநொடி, எல்லாம் இருக்கும், பாஸ்வேர்டைத் தவிர. வருகைக்கு அந்த நேரத்தைத் தனியாக் குறிச்சு வெச்சுக்கும், டைரக்டரி எழுந்து அவர் நிஜமா லாகின் பண்ணினதும் முதல்ல வந்த நேரத்தைக் கணக்குல எடுத்துக்கும். சோதனைக்கு ஒரு சர்வரை வேணும்னே நிறுத்தி, வேணும்னே காலாவதியான சான்றிதழைப் போட்டு, வேணும்னே பதில் சொல்லாம உறைய வெச்சுப் பார்த்தேன். மொத்தம் ரெண்டு நாள் வேலை. டேமேஜர் இதை 'மெசேஜ் மாத்தற வேலை'ன்னு அரை நாள் கணக்குல எழுதிக்கிட்டார்.

அந்த அக்காவுக்கு அன்னிக்குப் பிடிச்ச அரை நாள் சம்பளத்துக்காக மூணு மெயில் அனுப்பினேன். 'சிஸ்டம் பதிவின்படி அவர் 10.52-க்குத்தான் உள்நுழைந்துள்ளார்'னு மூணுக்கும் ஒரே பதில் வந்துது. நாலாவது மெயில்ல, காலையில 8.47-ல இருந்து அவங்க பேர்ல வந்த கம்யூனிகேஷன்எக்ஸெப்ஷன் வரிகளை சர்வர் லாக்ல இருந்து எடுத்து இணைச்சு, அந்தப் போர்ட்டலை எழுதினவன் நான்தான், தப்பு என்னோடதுன்னும் எழுதி அனுப்பியிருக்கேன். பதில் வந்தா சொல்றேன்.